இல்லாத கோப்பும் இடம் மாறிய கொம்பும்

கலியாண வீட்டுக்குப் பெரிய அண்டா வேண்டும். ஆனால், ஆண்டு முழுதும் அதை வீட்டில் வைத்துக் காப்பவர் யார்? எங்கள் மேட்டூர்ப் பக்கத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் இதற்கொரு நல்ல ஏற்பாடு உண்டு. அண்டா, தவலை, கொப்பரை, நீளக் கரண்டி, பந்திப்பாய் எல்லாம் கோயில் அறையில் ஊர்ப்பொதுவாக இருக்கும். வேண்டியவர் எடுத்துச் சமைப்பர்; துலக்கித் திருப்பி வைப்பர். நூறு வீட்டுக்கு நூறு அண்டா வேண்டுவதில்லை. ஓட்டை விழுந்தால் ஒருமுறை அடைத்தால் போதும். நூறு வீட்டுக்கும் பழுது நீங்கியது.

கணிப்பொறிக்குள்ளும் இதே ஏற்பாடுதான் நடக்கின்றது. ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய எல்லா வேலைகளையும் தானே செய்வதில்லை. படத்தைச் சுருக்க ஒன்று, எழுத்தைத் திரையில் வரைய ஒன்று, வலையில் மறைமொழியிற் பேச ஒன்று என்று, பலர்க்கும் பொதுவான வேலைகளைத் தனித்தனிக் கோப்புகளாக எழுதி வைத்திருக்கின்றனர். இவற்றைப் பொது நிரலகம் என்போம். விண்டோசில் இக்கோப்புகள் டிஎல்எல் என்ற ஈற்றோடும், லினக்சில் எஸ்ஓ என்ற ஈற்றோடும் இருக்கும். இந்த எண்ணம் புதியதன்று. 1960-களில் அமெரிக்காவில் மல்டிக்ஸ் என்னும் பேரமைப்பைக் கட்டியவர்கள் இதனைக் கையாண்டனர். 1985-இல் வெளிவந்த முதல் விண்டோசும் டிஎல்எல் கோப்புகளின்மேல்தான் நின்றது.

'இதெல்லாம் பொறியியலார் பாடு; நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்ட எண்ணும் இலக்கிய மாணவ நண்பர் சற்றே பொறுத்தருள்க. மலைமேல் ஒரு கடையில், ஒரேயொரு கோப்பு இல்லாமற் போனதால் 'மேகலா' என்ற குழந்தை 'மகேலா' ஆகிப் படச்சட்டத்துக்குள் ஏறிய கதையைத்தான் சொல்ல வருகின்றேன். அதற்குமுன், அந்தக் கோப்புகள் எங்ஙனம் தேடப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

மென்பொருளை நாம் சொடுக்கியவுடன் அது நேரே ஓடத் தொடங்கிவிடுவதில்லை. இயங்குதளத்தில் 'ஏற்றி' என்றொரு பகுதி இருக்கின்றது. மென்பொருட் கோப்பின் தலைப்பிலேயே 'எனக்கு இன்னின்ன நிரலகங்கள் வேண்டும், அவற்றிலிருந்து இன்னின்ன செயல்கள் வேண்டும்' என்று ஒரு பட்டியல் எழுதப்பட்டிருக்கும். ஏற்றி அந்தப் பட்டியலைப் படித்து, ஒவ்வொன்றையும் தேடி, நினைவகத்தில் கொணர்ந்து இணைத்த பின்னரே மென்பொருளுக்கு வழிவிடும்.

எங்கே தேடும்? இங்குதான் இரண்டு இயங்குதளங்களும் வேறுபடுகின்றன. விண்டோஸ் பெரும்பாலும் மென்பொருள் இருக்கும் கோப்புறையில் முதலில் பார்க்கும். பிறகு தன் அமைப்புக் கோப்புறைகளில் பார்க்கும். கடைசியாகப் 'பாத்' எனப்படும் வழிப்பட்டியலில் எழுதியுள்ள இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்கும். லினக்சோ, மென்பொருளுக்குப் பக்கத்திலேயே நிரலகத்தைக் கொண்டு வைத்தாலும் திரும்பியும் பாராது. 'என் அருகிலும் தேடு' என்று மென்பொருளுக்குள்ளேயே குறித்து வைத்தாலன்றி, தனக்கென வகுத்த இடங்களில் மட்டுமே தேடும். விண்டோசில் பழகியவர் லினக்சுக்கு வந்ததும் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

கிடைக்கவில்லையென்றால் சத்தம் போடும். 'விசிரன்டைம்140 என்ற டிஎல்எல் காணப்படவில்லை' என்ற பெட்டியைப் பார்க்காத விடுதி அறை உண்டோ? மைக்ரோசாஃப்ட்டின் சி++ கருவியால் ஆக்கப்பட்ட மென்பொருள்களுக்கெல்லாம் வேண்டிய பொது நிரலகம் அது. செய்தவர் கணிப்பொறியில் அக்கருவி இருந்ததால் நிரலகமும் இருந்தது, நம்மிடம் இல்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே அதற்குரிய நிறுவியை இறக்கி இட்டால் தீர்ந்தது. ஆனால் நம்மவர் செய்வது என்ன? அந்தக் கோப்பின் பெயரைக் கூகுளில் இட்டு, முதலில் வந்த ஏதோவொரு தளத்திலிருந்து தனி டிஎல்எல் கோப்பை இறக்கி, சிஸ்டம்32 கோப்புறைக்குள் போடுவது! முன்பின் அறியாதவன் தெருவில் நீட்டிய மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

விடுதி நண்பர் ஒருவர் இப்படித்தான் செய்தார். 'காணப்படவில்லை' என்ற பெட்டி மறைந்து, 0எக்ஸ்சி000007பி என்ற எண்ணோடு வேறொரு பெட்டி வந்தது. அவர் கொண்டுவந்தது 32 பிட்டு நிரலகம். மென்பொருளோ 64 பிட்டு. பெயர் ஒன்றானாலும் பொருந்தாது. இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். 64 பிட்டு விண்டோசில், சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட்டு நிரலகங்கள். 32 பிட்டு நிரலகங்கள் இருப்பதோ சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில். பழைய மென்பொருள்களுக்கு ஊறு நேரக்கூடாதென்று பழம்பெயரை அப்படியே வைத்துக்கொண்டதன் விளைவு இது. பெயர் வைத்தவர்களை வாழ்த்துவதா, வையுவதா என்று தெரியவில்லை.

கோப்பு இருந்தும் பதிப்புப் பொருந்தாமற் போவது மற்றொரு வகை. எங்கள் துறையில் உபுண்டு 22.04 உள்ள கணிப்பொறியில் ஆக்கிய கணக்கீட்டு நிரல் ஒன்று, உபுண்டு 20.04 உள்ள மடிக்கணிப்பொறியில் 'ஜிலிப்சி 2.34 காணப்படவில்லை' என்று சொல்லி நின்றுவிட்டது. ஜிலிப்சி என்பது லினக்சின் அடித்தள நிரலகம். 22.04-இல் இருப்பது அதன் 2.35 பதிப்பு, 20.04-இல் இருப்பது 2.31. ஜிலிப்சி பழையதை மறக்காது; பழைய பதிப்பை நம்பி ஆக்கியது புதியதிலும் ஓடும். புதியதை நம்பி ஆக்கியது பழையதில் ஓடாது. 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில், ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போது அழைக்கும் செயலுக்கே புதிய பதிப்புக்குறி இடப்பட்டதால், அதன்பின் ஆக்கிய நிரல்கள் பெரும்பாலானவை, வேறொரு புதுமையையும் பயன்படுத்தாவிட்டாலும்கூட, 2.34-ஐக் கேட்கும். ஆகவே பிறர்க்கு வழங்கும் நிரலை, வழங்கப்போகும் கணிப்பொறிகளுள் எது மிகப் பழையதோ, அதில் ஆக்குவதே முறை. புதுக் கணிப்பொறி வாங்கியவுடன் அதில்தான் எல்லாம் செய்வேன் என்பவர்க்கு இது கசக்கும்; என் செய்வது!

இவையெல்லாம் சத்தம் போடும் பழுதுகள். சத்தம் போடுவது நல்லது. நோயாளி 'இங்கே வலிக்கின்றது' என்று சொன்னால் மருத்துவர்க்குப் பாதி வேலை முடிந்தது. சத்தமே போடாத பழுதைத்தான் நான் மாதேஸ்வரன் மலையில் கண்டேன்.

மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் போனால் அம்மலை. இன்று சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதை நம் நண்பர்களில் எத்தனை பேர் அறிவரோ! பிழைப்புத் தேடி மேட்டூர்ப் பக்கத்திலிருந்து மைசூர் வந்த குடும்பம் எங்களுடையது. மாதேஸ்வரனே எங்கள் குலதெய்வம். அமாவாசை தோறும், சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாள்களிலும், கன்னட நாட்டவரோடு சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்துத் தமிழரும் பாலாற்று வழியாகத் திரண்டு வருவர். கடைத்தெருவில் கன்னடமும் தமிழும் ஒரே வாயில் கலந்து வரும்.

அங்கே ஒளிப்படக் கடை வைத்திருப்பவர் ஒருவர், என் தந்தைக்குப் பழக்கமானவர். குழந்தைகளுக்கு முடியிறக்கிய குடும்பங்களைப் படமெடுத்து, அடியில் குழந்தையின் பெயரையும் நாளையும் 'மாதேஸ்வரன் மலை' என்ற ஊர்ப்பெயரையும் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுப்பார். அதற்கென ஒரு சிறு மென்பொருளைக் கீழ்நாட்டில் ஓர் இளைஞரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியிருந்தார். பெயரைத் தட்டினால் படத்தின்மேல் அழகாக வந்து விழவேண்டும். நான் போயிருந்த அன்று, அவர் மேசைமேல் திருப்பிக் கொடுக்கப்பட்ட சட்டங்கள் ஏழெட்டு அடுக்கியிருந்தன.

"இங்கிலீசு நல்லா வருது தம்பி. தமிழும் கன்னடமுந்தான் கோணிக்கிட்டு வருது. கம்ப்யூட்டருக்கே நம்ம பாசை ஆகாதாட்ட இருக்குது. இனிமே பேரையெல்லாம் இங்கிலீசுலயே போட்டுரலாம்னு இருக்கறேன்," என்றார்.

"அவசரப்படாதீங்கண்ணா, ஒரு தடவை பார்த்துடறேன்," என்று சொல்லிச் சட்டங்களை எடுத்துப் பார்த்தேன். 'மேகலா' என்பது 'மகேலா' என்றிருந்தது. 'வேலன்' என்பது 'வலேன்' என்றிருந்தது. ஊர்ப்பெயரிலோ, 'தே' என்ற எழுத்தின் இரட்டைக்கொம்பு தகரத்தை விட்டு நகர்ந்து, அடுத்த ஸகரத்துக்கு முன்னால் போய் நின்றது. 'முருகன்' என்பதில் உகரச் சுழிகள் எழுத்தோடு ஒட்டாமல் தனித்தனியே தொங்கின. கன்னடத்தில் அடியில் ஒட்டி வரவேண்டிய ஒற்றெழுத்துகள் பக்கத்தில் வந்து வரிசையாக நின்றன.

கணிப்பொறியில் தமிழ் கெடும் விதங்களைப் பிரித்தறிதல் இங்கே மிகவும் உதவும். எழுத்துரு இல்லையென்றால் எழுத்துக்கு எழுத்து வெறுங்கட்டம் வரும். குறியேற்றம் மாறியிருந்தால், அதாவது திஸ்கியில் எழுதியதை யூனிக்கோடாகப் படித்தால், பொருளற்ற குறிகள் கொட்டும். இங்கே இரண்டுமில்லை. ஒவ்வோர் எழுத்தும் வடிவில் தெளிவாக இருக்கின்றது. நிற்கும் இடந்தான் தவறு. அப்படியென்றால் எழுத்துருவும் சரி, தட்டச்சும் சரி. எழுத்துகளை அடுக்கும் நிரலகம் வேலை செய்யவில்லை என்பதே பொருள்.

அடுக்குவது என்றால் என்ன? யூனிக்கோடு தமிழை ஒலிமுறையில் சேமிக்கின்றது. 'மே' என்று எழுதினால் கணிப்பொறி முதலில் மகரத்தையும் பின்னர் ஏகாரக் குறியையும் வைத்துக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குக் கொம்பு முன்னால் வரவேண்டும். 'கோ' என்றால் ஒரே குறி இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். 'மு', 'ரு' என்பன புதுவடிவே கொள்ளவேண்டும். இவற்றையெல்லாம் எழுத்துரு தானாகச் செய்யாது. எழுத்துருவில் உள்ள விதிகளைப் படித்து நடத்தி வைக்க ஒரு நிரலகம் வேண்டும். பழைய திஸ்கியிலும், 1999-இல் சென்னையில் தமிழ்நாட்டரசு நடத்திய தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட டாம், டாப் குறியேற்றங்களிலும் இத்தொல்லை இல்லை. அவை கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பை முன்னும் மெய்யைப் பின்னுமாக வைத்துக்கொண்டன. அதற்கு அவை கொடுத்த விலை வேறு. தேடலும் அகரவரிசையும் தடுமாறின. யூனிக்கோடு வந்ததும் அத்தடுமாற்றம் குறைந்தது. ஆனால் அன்றுமுதல் தமிழ் எழுத்து ஒரு பொது நிரலகத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

அந்த ஒப்படைப்பின் வரலாறே பதிப்புப் பொருந்தாமையின் வரலாறுதான். மைக்ரோசாஃப்ட் முதன்முதலில் யூனிக்கோடு தமிழுக்கு இடந்தந்தது விண்டோஸ் 2000-இல். அடுக்கும் பணியைச் செய்தது யூனிஸ்கிரைப் என்னும் டிஎல்எல். விண்டோஸ் எக்ஸ்பியில் கன்னடமும் தெலுங்கும் சேர்ந்தன. ஆனால் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே குறியிட்டு, குறுந்தகட்டைத் தேடிப்பிடித்து நிறுவவேண்டியிருந்தது. மலையாளமும் வங்காளமும் 2004-இல் வந்த இரண்டாம் திருத்தப் பொதிக்காகக் காத்திருந்தன. ஆஃபீஸ் 2003 தனக்கென்று புதிய யூனிஸ்கிரைப் ஒன்றைத் தன் கோப்புறையிலேயே கொண்டுவந்தது. அதனால் ஒரே கணிப்பொறியில் வேர்டில் எழுத்து ஒருவிதமாகவும், பக்கத்துச் சாளரத்தில் வேறுவிதமாகவும் தெரியும் விந்தை நேர்ந்தது. ஒரு மென்பொருளை நிறுவினால் மற்றொன்றின் நிரலகம் மாறிப் பழுதாகும் இந்நிலைக்கு அக்காலத்தவர் 'டிஎல்எல் நரகம்' என்றே பெயரிட்டனர்.

இன்று ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரலகம் இப்பணியின் பெரும்பகுதியைச் செய்கின்றது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்டிராய்டு, லிப்ரெஆஃபீஸ் எல்லாவற்றிலும் அதுவே. பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. குரோம் தன் ஹார்ஃப்பஸைத் தன்னுள்ளேயே கட்டிக்கொண்டு வருகின்றது; எவரிடமும் இரவல் கேட்பதில்லை. ஆகவேதான் நம் கடைக்காரர் கணிப்பொறியில் உலாவியைத் திறந்தபோது 'மேகலா' மேகலாவாகவே இருந்தாள். எனவே 'கம்ப்யூட்டருக்கே நம்ம பாசை ஆகாது' என்ற அவர் முடிவு தவறென்பது அவர் கண்முன்னேயே விளங்கிற்று. பழுது அந்த ஒரு மென்பொருளில் இருக்கின்றது. ஆனால், எங்கே?

அம்மென்பொருள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டு, ஒரே கோப்புறையாகக் கட்டித் தரப்பட்டது. படத்தின்மேல் எழுத்து வரைய அது நாடுவது பில்லோ என்னும் புகழ்பெற்ற நிரலகத்தை. பில்லோவுக்கு எழுத்து அடுக்கும் முறைகள் இரண்டுண்டு. ஒன்று அடிப்படை முறை: வந்த எழுத்தை வந்த வரிசையில் இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே போகும்; ஆங்கிலத்துக்குப் போதும். மற்றொன்று 2017-இல் சேர்க்கப்பட்ட ரக்ம் என்னும் முறை: ஹார்ஃப்பஸைக் கொண்டு முறையாக அடுக்கும். ரக்ம் கிடைத்தால் அதைப் பயன்படுத்தும்; கிடைக்காவிட்டால் அடிப்படை முறைக்கு இறங்கிக்கொள்ளும். பெட்டி வராது, சத்தமும் இராது.

ஏற்றி படிக்கும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். 'டிபெண்டென்சீஸ்' என்ற திறமூலக் கருவி அதைக் காட்டும். பட்டியலில் குறையொன்றும் இல்லை, வேண்டியதெல்லாம் இருந்தது. இங்கேதான் பலர் ஏமாறுவர். சில நிரலகங்கள் பட்டியலில் எழுதப்படுவதேயில்லை. மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இருக்கின்றதா?' என்று கேட்டு எடுத்துக்கொள்ளப்படும். பட்டியலைக் காட்டும் எந்தக் கருவிக்கும் இது தெரியாது. லினக்சில் எல்டிடி என்ற கட்டளைக்கும் தெரியாது. ஓடும்போது என்னென்ன கோப்புகளைத் தேடுகின்றது என்று உடனிருந்து பார்க்கவேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட்டே தரும் 'பிராசஸ் மானிட்டர்' இருக்கின்றது; லினக்சில் எல்டி_டீபக் என்ற சூழல்மாறிக்கு லிப்ஸ் என்று மதிப்பிட்டு ஓட்டினால் போதும். என் பென்டிரைவில் பிராசஸ் மானிட்டர் இருந்தது. அதை ஓடவிட்டு 'மேகலா' என்று தட்டினேன்.

வரிசையாக வந்தன வரிகள். ஃப்ரிபிடி என்ற டிஎல்எல்லை மென்பொருளின் கோப்புறையில் தேடியது, இல்லை. அமைப்புக் கோப்புறையில் தேடியது, இல்லை. வழிப்பட்டியலில் கண்ட இடமெல்லாம் தேடியது. எங்கும் இல்லை, இல்லை, இல்லை!

ஃப்ரிபிடி என்பது யாது? அரபு, எபிரேயம் போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கு எழுத்தின் திசையைக் கணிக்கும் நிரலகம். தமிழுக்கு அது ஒரு சிறிதும் வேண்டுவதன்று. ஆனால் ரக்ம் முறை எம்மொழியாயினும் முதலில் திசையைக் கணித்து, அதன்பின்னரே ஹார்ஃப்பஸை அழைக்கும். 2021-இல் வந்த 8.2 பதிப்பு முதல், பில்லோவின் ஆயத்தப் பொதியில் ரக்ம் சேர்ந்தே வருகின்றது. ஃப்ரிபிடி மட்டும் சேர்ந்து வருவதில்லை. ஓடும்போது வெளியிலிருந்து தேடிக்கொள்ளப்படும். அது கிடைக்காவிட்டால் ரக்ம் முழுவதும் விலகிக்கொள்ளும். ஹார்ஃப்பஸ் உள்ளே இருந்தும் பயனில்லை. வலமிருந்து இடமாக எழுதுவோர்க்கான கோப்பு இல்லாமையால், இடமிருந்து வலமாக எழுதும் தமிழின் கொம்பு இடம் மாறிற்று! இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு எழுந்த வியப்பு, ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதம் உழைத்தும் கிடைக்காத வியப்பு.

எழுதிய இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் கணிப்பொறியில் எம்சிஸ்2 என்ற கருவித்தொகுதி இருந்தது. அதனோடு வந்த ஃப்ரிபிடி வழிப்பட்டியலில் இருந்தமையால் அங்கே எல்லாம் ஒழுங்காக வந்தது. அவர் நேர்மையானவர், ஏமாற்றவில்லை. மென்பொருளைக் கட்டும் கருவியோ, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் எடுத்துக் கட்டிற்று. பட்டியலில் இல்லாத ஃப்ரிபிடியை அது எப்படி அறியும்? என் மடிக்கணிப்பொறியிலும் எம்சிஸ்2 இருந்தது. அதிலிருந்து 64 பிட்டு ஃப்ரிபிடியை எடுத்து மென்பொருளின் கோப்புறையில் வைத்தேன். அவ்வளவே. 'மேகலா' வந்தாள்; 'முருகன்' வந்தான்; கன்னட ஒற்றுகளும் கீழே போய் ஒட்டிக்கொண்டன.

அத்தோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. இன்னொரு கணிப்பொறிக்கு மாற்றும்போது அந்தக் கோப்பு விடுபட்டால்? ரக்ம் உண்டா என்று பில்லோவைக் கேட்க ஒரே வரி போதும். தொடங்கும்போதே அதைக் கேட்டு, இல்லையென்றால் 'தமிழ், கன்னட எழுத்துகளை முறையாக அச்சிட இயலாது. ஃப்ரிபிடி கோப்பு இல்லை' என்று தமிழிலும் கன்னடத்திலும் பெட்டி போட்டு நிற்குமாறு செய்யும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். பெட்டியில் தோன்றும் எழுத்து விண்டோசின் சொந்த நிரலகத்தால் அடுக்கப்படுவதால் அது சிதையாது. இரண்டு நாளில் அனுப்பிவைத்தார். சட்டம் அச்சாகி, ஆணியடித்து, ஊர் போய்ச் சேர்ந்தபின் பிழை தெரிவதைவிட, அச்சிடுமுன் மென்பொருள் நின்றுவிடுவதே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. திருப்பிக் கொடுத்த ஏழெட்டுப் பேர் படிக்கத் தெரிந்தவர்கள். படிக்கத் தெரியாத பாட்டி வாங்கிப்போன சட்டங்கள் எத்தனை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கின்றனவோ!

'எல்லா நிரலகங்களையும் மென்பொருளுக்குள்ளேயே கட்டிக்கொண்டு போனால் என்ன? குரோம் செய்கின்றதே!' என்று கேட்கலாம். செய்யலாம், சிறு மென்பொருள்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதுவே. ஆனால் வீட்டுக்கு வீடு அண்டா வாங்கினால், ஓட்டை விழும்போது வீடுதோறும் போய் அடைக்கவேண்டும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டது. பொது நிரலகமாக அதைப் பயன்படுத்தியவர்கள் ஒரு கோப்பை மாற்றி, மென்பொருள்களை நிறுத்தித் தொடங்கினர், தீர்ந்தது. உள்ளே கட்டிவைத்தவர்களோ ஒவ்வொரு மென்பொருளையும் திரும்ப ஆக்கவேண்டியதாயிற்று. குரோமுக்கு அடிக்கடி புதுப்பதிப்பு அனுப்ப ஆள் இருக்கின்றது. மலைமேல் ஒரு கடைக்கு எழுதிக் கொடுத்தவர், அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். உரிமச் சிக்கலும் உண்டு. ஃப்ரிபிடி எல்ஜிபிஎல் உரிமத்தில் வருவது. பயனர் அதை மாற்றிக்கொள்ள வழி இருக்கவேண்டுமென்று அவ்வுரிமம் சொல்கின்றது. தனிக்கோப்பாகப் பக்கத்தில் வைத்தால் அதற்கு எளிதில் இடமிருக்கும்.

மென்பொருள் எழுதும் நண்பர்கள் தம் கணிப்பொறியில் ஓடிற்று என்பதோடு நிறுத்தாமல், ஒன்றுமே நிறுவாத வெறுங்கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கவேண்டும். விண்டோசின் புரோ பதிப்பு உடையவர்களுக்கு 'சேண்ட்பாக்ஸ்' என்ற வசதி இருக்கின்றது. திறக்கும்போதெல்லாம் புத்தம்புதிய விண்டோஸ் கிடைக்கும், மூடினால் மறையும். அங்கே ஓட்டும்போது எந்தச் சொல்லைத் தட்டிப் பார்க்கின்றோம் என்பதும் முக்கியம். அந்த இளைஞர் வேறொரு கணிப்பொறியிலும் ஓட்டிப் பார்த்தே அனுப்பினாராம். 'வணக்கம்' என்றும் 'தமிழ்' என்றும் 'அம்மா' என்றும் தட்டியிருக்கின்றார். மூன்றும் நன்றாக வந்தன. வாராமல் என்ன செய்யும்? இம்மூன்று சொற்களில் கொம்பே இல்லை, உகரமும் இல்லை. அடுக்கத் தெரியாத நிரலகமும் இவற்றை ஏறக்குறையச் சரியாகவே வரைந்துவிடும்.

நான் தட்டிப் பார்க்கும் சொற்கள் இவை. இரட்டைக்கொம்புக்கு மேகலா, ஒற்றைக்கொம்புக்குச் செல்வி, ஐகாரத்துக்கு வைகை, இருபுறமும் குறி நிற்பதற்குக் கொல்லிமலை, கோபி, உகர ஊகாரங்களுக்கு முருகன், கூடலூர், கூட்டெழுத்துக்கு ஸ்ரீ, லக்ஷ்மி. ஔகாரத்துக்கு மலைக்குப் போகும் வழியிலேயே ஓர் ஊர் கிடைத்துவிட்டது: கௌதள்ளி.